அகச்சிவப்பு ஒளியளவியல்

அகச்சிவப்பு ஒளியளவியல் என்பது, அகச்சிவப்புக் கதிர்களில் எடுக்கப்பட்ட தொலைநோக்கிப் படங்களிலிருந்து விண்மீன்களின் ஒளிர்வை எண்ணளவில் கண்டறியும் வானியல் முறை ஆகும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை உள்ளது. அதைவிட நீண்ட அலைகள் அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படும். அவற்றுள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையான பகுதியை வானியலாளர் அண்மை அகச்சிவப்பு என்று அழைக்கின்றனர். இக்கட்டுரை பெரும்பாலும் இப்பகுதியைப் பற்றியது.

கட்புல ஒளியில் விண்மீனை அளப்பவர் இருண்ட வானத்தின் முன் ஒளிரும் ஒரு புள்ளியை அளக்கின்றார். அகச்சிவப்பில் நிலைமை வேறு. அங்கே வானமும், வளிமண்டலமும், சில அலைநீளங்களில் தொலைநோக்கியுமே ஒளிர்கின்றன. விண்மீனின் பங்கு அவ்வொளியின் மேல் எழும் ஒரு சிறு மேடு மட்டுமே. ஆகவே இத்துறையின் பெரும்பகுதி கழித்தல் கணக்காகவே அமைந்துள்ளது. எதை, எவ்வளவு கழிப்பது என்பதில் நேரும் சிறு பிழையும் விண்மீனின் அளவில் பெரும் பிழையாக வந்து சேரும்.

அகச்சிவப்பில் அளப்பதன் தேவை

ஒரு பொருளின் வெப்பநிலை குறையக் குறைய அதன் கதிர்வீச்சின் உச்சம் நீண்ட அலைகளின் பக்கம் நகர்கின்றது. ஏறத்தாழ 5800 கெல்வின் வெப்பநிலையுள்ள சூரியன் 0.5 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் காட்டுகின்றது. 3000 கெல்வின் அளவிலான செங்குறளி விண்மீனின் உச்சம் 1 மைக்ரோமீட்டரை ஒட்டி விழுகின்றது. நமது பால்வழியில் எண்ணிக்கையில் மிகுந்தவை இத்தகைய சிறு சிவப்பு விண்மீன்களே என்பதால், அவற்றை முறையாக அளக்க அகச்சிவப்பு இன்றியமையாதது.

மற்றொரு காரணம் தூசி. விண்மீன்களுக்கு இடையே உள்ள நுண்தூசி, குறுகிய அலைகளை மிகுதியாகவும் நீண்ட அலைகளைக் குறைவாகவும் தடுக்கின்றது. பால்வழியின் மையத்திலிருந்து வரும் கட்புல ஒளி, வழியிலுள்ள தூசியால் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்திலோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நம்மை வந்தடைகின்றது. மையத்திலுள்ள மீப்பெரும் கருந்துளையை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் எஸ்2 என்னும் விண்மீனைப் பின்தொடர முடிந்தது இதனால்தான். அப்பணிக்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோர் 2020ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

வரலாறு

1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது உயர்வதைக் கண்டார். ஆயினும் விண்மீன்களின் மெல்லிய அகச்சிவப்பு ஒளியை முறையாக அளக்கத் தகுந்த உணரிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கிடைத்தன. 1960களில் அமெரிக்க வானியலாளர் ஹரால்ட் ஜான்சன், வளிமண்டலம் வழிவிடும் அலைநீளப் பட்டைகளுக்கு ஜே, கே, எல், எம் என எழுத்துப் பெயரிட்டு நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தார். எச் பட்டை பின்னர் சேர்ந்தது. அகரவரிசை முறை தவறி இருப்பதன் காரணம் அதுவே.

முதல் பெரும் வான் கணிப்பைக் கெர்ரி நியூகெபவர், ராபர்ட் லெய்ட்டன் ஆகியோர் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் நடத்தினர். இதற்கான 1.57 மீட்டர் ஆடியை, சுழலும் கலத்தில் எப்பாக்சிப் பிசினை உறையவிட்டு மலிவாகச் செய்தனர். 1969இல் வெளியான பட்டியலில் 5,612 பொருள்கள் இடம்பெற்றன. அன்று படம் என்பது இல்லை. ஈய சல்பைடு உணரிகள் சில வானத்தை வரிவரியாக வருடிச் சென்றன. படம் பிடிக்கும் உணரி அணிகள் 1980களின் நடுவில்தான் வானியலாளர் கைக்கு வந்தன. ஹவாயில் இருந்த ஐக்கிய இராச்சிய அகச்சிவப்புத் தொலைநோக்கியில் 1986இல் பொருத்தப்பட்ட கருவியில் 62க்கு 58 படப்புள்ளிகளே இருந்தன.

1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் அமைந்த இரு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் முழு வானத்தையும் ஜே (1.24 மைக்ரோமீட்டர்), எச் (1.66), கேஎஸ் (2.16) பட்டைகளில் படம் பிடித்தன. டூமாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்தின் பட்டியலில் ஏறத்தாழ 47 கோடி புள்ளிப் பொருள்கள் உள்ளன. இன்றும் எந்த ஒரு அகச்சிவப்புப் படத்தையும் தரப்படுத்த முதலில் நாடப்படுவது இப்பட்டியலே.

ஒளிரும் வானம்

1 முதல் 2.3 மைக்ரோமீட்டர் வரை இரவு வானத்தை ஒளிரச் செய்வது பெரும்பாலும் ஐதராக்சில் மூலக்கூறு ஆகும். தரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் வேதிவினைகளால் உருவாகும் இம்மூலக்கூறுகள், தம் மிகை ஆற்றலை அகச்சிவப்பு வரிகளாக வெளிவிடுகின்றன. அப்படலத்தில் அலைகள் ஓடுவதால் வானத்தின் ஒளிர்வு சில நிமிடங்களிலேயே பல விழுக்காடு மாறிவிடும். நிலவற்ற, முகிலற்ற இரவிலும் இம்மாற்றம் நிற்பதில்லை.

2.3 மைக்ரோமீட்டருக்கு அப்பால் வெப்பக் கதிர்வீச்சு மேலோங்குகின்றது. அறை வெப்பநிலையில் உள்ள எப்பொருளும் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி மிகுதியாக ஒளிரும். ஆடி, அதைத் தாங்கும் சட்டம், கூண்டின் சுவர், மேலுள்ள காற்று ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். 10 மைக்ரோமீட்டரில் தரையிலிருந்து விண்மீனைப் பார்ப்பதை, நண்பகலில் எரியும் தொலைநோக்கியைக் கொண்டு விண்மீனைப் பார்ப்பதற்கு ஒப்பிடுவர். இவ்வொப்புமை மிகையானது அன்று.

இதனால் அகச்சிவப்பு நோக்காய்வுகளில் ஒரே நீண்ட படம் எடுப்பதில்லை. சில நொடிகள் முதல் சில பத்து நொடிகள் வரையான பல குறும்படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கி சிறிது நகர்த்தப்படுகின்றது. விண்மீன்கள் உணரியில் இடம் மாறி விழும். வானத்தின் ஒளியோ எல்லாப் படங்களிலும் ஒரே போக்கில் இருக்கும். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எல்லாப் படங்களின் இடைநிலை மதிப்பை எடுத்தால் விண்மீன்கள் மறைந்து வானம் மட்டும் எஞ்சும். அவ்வானத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்து, படங்களை மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கூட்டுகின்றனர். 10 மைக்ரோமீட்டர் போன்ற பட்டைகளில் இதுவும் போதாது. துணை ஆடியையே நொடிக்குப் பலமுறை அசைத்து, விண்மீன் உள்ள இடத்தையும் அருகிலுள்ள வெற்று வானத்தையும் மாறிமாறிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஒரு விண்மீன் கூட்டமோ வளிம முகிலோ படச்சட்டம் முழுவதையும் நிரப்பியிருந்தால் மேற்கூறிய முறை பயன் தராது. அப்போது தொலைநோக்கியை வெற்றிடமான வேறு பகுதிக்குத் திருப்பி வானத்தைத் தனியே படம் பிடிக்க வேண்டும். நேரம் இரட்டிப்பாகும். இதைத் தவிர்த்து மிச்சம் பிடித்த படங்களில், வானம் என்று எண்ணி விண்மீன்களின் ஒளியையே கழித்துவிட்ட பிழைகள் காணப்படுவதுண்டு.

உணரி

சாதாரண ஒளிப்படக் கருவிகளில் உள்ள சிலிக்கன் 1.1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை உணராது. ஆகவே பாதரச காட்மியம் தெலூரைடு, இண்டியம் ஆன்டிமனைடு போன்ற குறைகடத்திகள் பயன்படுகின்றன. முதலாவதில் பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றி, எந்த அலைநீளம் வரை உணர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இயலும். ஒளியை உணரும் இப்படலம், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் இண்டியம் துளி வழியாக அடியிலுள்ள சிலிக்கன் சுற்றுடன் இணைக்கப்படுகின்றது. முழுக் கருவியும் கடுங்குளிரில் வைக்கப்படும். இல்லையேல் உணரி தன் சொந்த வெப்பத்தையே ஒளியாகப் பதிவு செய்யும்.

இவ்வுணரிகளுக்கு ஒரு நல்ல இயல்பு உண்டு. சேர்ந்த மின்னூட்டத்தை அழிக்காமலே மீண்டும் மீண்டும் படிக்க இயலும். ஒரே படத்தின்போது பத்து முறை படித்தால் மின்னூட்டம் சீராக ஏறும் சரிவு தெரியும். நடுவில் ஒரு அண்டக்கதிர் தாக்கியிருந்தால் அச்சரிவில் படிக்கட்டு போன்ற துள்ளல் தோன்றும், அதை நீக்கிவிடலாம். குறைகளும் உண்டு. கிணறு நிரம்ப நிரம்ப உணர்திறன் குறைவதால் ஒளிமிக்க விண்மீன் உள்ளதைவிட மங்கலாகப் பதிவாகும்; இது நேர்கோட்டுத் திருத்தத்தால் சரிசெய்யப்படுகின்றது. மிக ஒளிமிக்க விண்மீனைப் பார்த்த படப்புள்ளிகள் அடுத்தடுத்த படங்களிலும் சில நேரம் மங்கலான நிழலொளியைக் காட்டும். அங்கு இல்லாத ஒரு விண்மீன் அங்கே இருப்பதுபோல் தோன்றும்.

படப்புள்ளிகள் அனைத்தும் ஒரே உணர்திறன் உடையன அல்ல. சீராக ஒளியூட்டப்பட்ட திரையையோ அந்திவானத்தையோ படம் பிடித்து, அப்படத்தால் ஒவ்வொரு விண்மீன் படத்தையும் வகுப்பதால் இவ்வேறுபாடு நீங்கும். ஒரே படப்புள்ளியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் கூட உணர்திறன் மாறலாம். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 2016இல் டிராப்பிஸ்ட்-1 என்னும் சிறு விண்மீனை ஏறத்தாழ 20 நாள் இடைவிடாது அளந்தபோது, கோள்கள் கடந்து சென்றதால் ஏற்பட்ட ஒளிக்குறைவு 1 விழுக்காட்டுக்கும் கீழாகவே இருந்தது. படப்புள்ளிக்குள் விண்மீன் சிறிது அசைவதால் ஏற்படும் பொய்யான மாற்றத்தைக் கணக்கிட்டு நீக்கிய பின்னரே அக்கடப்புகளை நம்ப முடிந்தது. ஏழு கோள்கள் உள்ளன என்ற முடிவு 2017இல் வெளியானது.

படத்திலிருந்து எண்

மேற்கூறிய திருத்தங்கள் முடிந்தபின் விண்மீனைச் சுற்றி ஒரு அளவீட்டு வட்டம் வரையப்படுகின்றது. அதனுள் உள்ள எண்ணிக்கைகள் அனைத்தும் கூட்டப்படுகின்றன. சற்றுத் தள்ளி ஒரு வளையம் வரைந்து வானத்தின் அளவு மதிப்பிடப்படுகின்றது. கே பட்டையில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

வட்டத்தின் ஆரம் 4 படப்புள்ளிகள் எனில் அதனுள் ஏறத்தாழ 50 படப்புள்ளிகள் அடங்கும். அவற்றின் கூட்டுத்தொகை 5,06,000 என்க. வளையத்தில் ஒரு படப்புள்ளிக்கு வானம் 10,000 என்று கிடைத்தால், வட்டத்துக்குள் வானத்தின் பங்கு 5,00,000 ஆகும். கழித்தால் விண்மீனுக்கு எஞ்சுவது 6,000 மட்டுமே. இப்போது வானத்தின் மதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10,000க்குப் பதில் 10,010 எனத் தவறாகக் கணிக்கப்பட்டது என்று கொள்வோம். வட்டத்துக்குள் 500 மிகையாகக் கழிக்கப்படும். விண்மீன் 5,500 எனக் காணப்படும். வானத்தில் 0.1 விழுக்காடு பிழை, விண்மீனில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிழையாகிவிட்டது.

இது தவிர ஒளியன்கள் (போட்டான்கள்) வந்து விழுவதில் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கமும் உண்டு. எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் அளவு. 5,06,000இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 711. ஆகவே 6,000 என்ற அளவில் 711 வரை ஐயம் உள்ளது. இத்தகைய 100 படங்களைக் கூட்டினால் இவ்வையம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் வானத்தைக் கழிப்பதில் ஒரே திசையில் நிகழும் பிழை எத்தனை படங்களைக் கூட்டினாலும் குறையாது. புதிதாக இத்துறைக்கு வருவோர் இவ்விரு பிழைகளையும் ஒன்றாக எண்ணிவிடுவதுண்டு.

கிடைத்த எண்ணிக்கையை ஒளிப்பொலிவெண்ணாக மாற்ற வேண்டும். ஒளி 100 மடங்கு குறைந்தால் ஒளிப்பொலிவெண் 5 கூடும் என்ற விதியை 1856இல் நார்மன் போக்சன் முன்மொழிந்தார். இவர் பின்னர் 1861 முதல் 1891இல் இறக்கும் வரை சென்னை வானாய்வகத்தில் அரசு வானியலாளராகப் பணியாற்றியவர். ஒளிப்பொலிவெண் 11.0 என முன்பே அறியப்பட்ட தரவிண்மீன் அதே நிலைமைகளில் 6,00,000 எண்ணிக்கை தந்தால், 6,000 தரும் நமது விண்மீன் அதைவிட 100 மடங்கு மங்கலானது. எனவே அதன் ஒளிப்பொலிவெண் 16.0 ஆகும்.

வட்டத்துக்கு வெளியே சிதறும் ஒளிக்கும் ஒரு திருத்தம் தேவை. வட்டத்தைப் பெரிதாக்கினால் விண்மீனின் ஒளி முழுதும் சேரும். ஆனால் வானமும் கூடவே மிகும். ஆகவே சிறு வட்டத்தில் அளந்து, தனித்து நிற்கும் ஒளிமிக்க விண்மீன்களைக் கொண்டு எஞ்சிய பங்கைக் கணக்கிட்டுச் சேர்ப்பதே வழக்கம்.

நெருக்கமான விண்மீன்கள்

விண்மீன்கள் நெருங்கி இருக்கும் இடத்தில் ஒரு வட்டத்துக்குள் இரண்டு மூன்று விண்மீன்கள் விழும். அங்கே தொலைநோக்கி ஒரு புள்ளியை எவ்வடிவில் பரப்பிக் காட்டுகின்றது என்பதைத் தனித்த விண்மீன்களிலிருந்து கற்று, அவ்வடிவத்தை எல்லா விண்மீன்களுக்கும் ஒரே நேரத்தில் பொருத்துகின்றனர். பீட்டர் ஸ்டெட்சன் 1987இல் விவரித்த டாவோபாட் என்னும் நிரல் இம்முறையைப் பரவலாக்கியது.

விளைவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒளிர்வு தெரிந்த செயற்கை விண்மீன்களைப் படத்தில் நாமே நுழைத்து, அதே நிரலால் அளந்து பார்த்தல். நுழைத்ததைவிட ஒளிமிக்கதாக மீண்டு வந்தால், அருகிலுள்ள மங்கலான விண்மீன்களின் ஒளி அதில் கலந்துள்ளது என்று பொருள். அவ்வேறுபாட்டின் சராசரி திருத்தமாகக் கொள்ளப்படுகின்றது.

இக்கலப்புப் பிழை அண்டத்தின் அளவைப் பற்றிய ஒரு விவாதத்தின் நடுவில் நின்றது. செஃபீடு மாறிகள் என்னும் விண்மீன்கள் துடிக்கும் கால அளவிலிருந்து அவற்றின் உண்மை ஒளிர்வு தெரியும். ஹென்றியேட்டா லீவிட் 1912இல் நிறுவிய உறவு இது. தோற்ற ஒளிர்வை அளந்தால் தொலைவு கிடைக்கும். தொலைவிலிருந்து அண்டம் விரியும் வேகமான ஹபிள் மாறிலி கிடைக்கும். ஹபிள் தொலைநோக்கியின் 1.6 மைக்ரோமீட்டர் படங்களைக் கொண்டு ஆதம் ரீஸ் குழுவினர் பெற்ற மதிப்பு ஏறத்தாழ 73 (நொடிக்குக் கிலோமீட்டர், ஒரு மெகாபார்செக்குக்கு). பிளாங்க் செயற்கைக்கோள் ஆதி அண்டத்தின் கதிர்வீச்சிலிருந்து தந்த மதிப்போ 67.4.

இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒளிப்பொலிவெண்ணாக மாற்றினால் 0.17 மட்டுமே வரும். செஃபீடுகள் அனைத்தும் அருகிலுள்ள விண்மீன்களின் ஒளி கலந்து உள்ளதைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு ஒளிமிக்கனவாக அளக்கப்பட்டிருந்தால், தொலைவு குறைவாகவும் மாறிலி கூடுதலாகவும் வந்து, முரண்பாடு முழுவதும் ஒளியளவியல் பிழை என்று முடிந்திருக்கும். ஐயத்துக்கு இடமும் இருந்தது. 10 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு பேரடையில், ஹபிளின் அகச்சிவப்புக் கருவியின் ஒரே ஒரு படப்புள்ளி 60 ஒளியாண்டுகளுக்கு மேற்பட்ட அகலத்தை உள்ளடக்குகின்றது.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர் விட்டமுடையது. ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். ஒரே அலைநீளத்தில் வெப்பின் படம் ஏறத்தாழ 2.7 மடங்கு கூர்மையானது. அதன் சிறு படப்புள்ளி ஒன்றின் பரப்பு ஹபிளினதில் ஏறத்தாழ 17இல் ஒரு பங்கே. 2024இல் வெளியான ஆய்வில் ரீஸ் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செஃபீடுகளை வெப்பின் படங்களில் மீண்டும் அளந்தனர். சிதறல் பெரிதும் குறைந்தது. சராசரியோ ஹபிளின் அளவுகளுடன் ஒத்துப்போனது. செயற்கை விண்மீன்களைக் கொண்டு செய்த திருத்தம் சரியாகவே இருந்துள்ளது. இதனால் மாறிலி பற்றிய விவாதம் தீரவில்லை. வெண்டி ஃப்ரீட்மன் குழுவினர் வெப்பின் படங்களில் வேறு வகை விண்மீன்களையும் சேர்த்துக்கொண்டு 70ஐ ஒட்டிய மதிப்பைத் தந்துள்ளனர்.

அளவுகோல்: வேகா

ஒளிப்பொலிவெண் முறையில் வேகா விண்மீன் எல்லாப் பட்டைகளிலும் ஏறத்தாழ சுழியாகக் கொள்ளப்பட்டு வந்தது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் தன் கருவிகளைத் தரப்படுத்த இவ்விண்மீனையே நோக்கியபோது, நெடிய அலைகளில் அது எதிர்பார்த்ததைவிட மிகுதியாக ஒளிர்வது தெரிந்தது. வேகாவைச் சுற்றியுள்ள தூசி வட்டிலே அதற்குக் காரணம். பிற்காலத்தில் 2 மைக்ரோமீட்டரிலும் ஏறத்தாழ 1 விழுக்காடு மிகை கண்டறியப்பட்டது. மேலும் வேகா மிக விரைவாகத் தற்சுழல்வதும், நாம் அதன் துருவத்தை நோக்கிப் பார்ப்பதும் 2006இல் உறுதியாயின. இதனால் இன்று சுழிப் புள்ளி, உண்மையான வேகாவை விட ஒரு கணிப்பு மாதிரியையும் பல தரவிண்மீன்களின் தொகுப்பையும் சார்ந்து நிற்கின்றது.

பட்டியல்களைப் பயன்படுத்தும்போது

மாணவர்கள் இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களிலிருந்து எண்களை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவுமுறை. வேகா முறையும், 3631 ஜான்ஸ்கியைச் சுழியாகக் கொண்ட ஏபி முறையும் கே பட்டையில் ஏறத்தாழ 1.8 ஒளிப்பொலிவெண் வேறுபடுகின்றன. இரண்டையும் கலந்து வரையப்பட்ட வரைபடத்தில் சாதாரண விண்மீன்கள் வியப்பூட்டும் நிறத்துடன் தோன்றும்.

ஒவ்வொரு அளவுடனும் தரக்குறியீடு ஒன்று தரப்பட்டிருக்கும். டூமாஸ் பட்டியலில் மிகவும் ஒளிமிக்க விண்மீன்கள் 51 மில்லிநொடிப் படங்களிலும் தெவிட்டிவிட்டதால் அவற்றின் ஐயவரம்பு மிகப் பெரிது. மங்கலான விண்மீனைவிட இவற்றின் அளவை நம்புவது கடினம் என்பது முதலில் பார்ப்போருக்கு முரணாகத் தோன்றலாம். அத்திட்டத்தின் படப்புள்ளி 2 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) அகலமுடையது. அதனால் பால்வழியின் மையத்தை ஒட்டி, பட்டியலில் ஒற்றை விண்மீனாக உள்ளது உண்மையில் பல விண்மீன்களாக இருத்தல் கூடும். அண்மைக்காலக் கூரிய படத்துடன் ஒப்பிடாமல் அவ்விடத்து எண்களைக் கொண்டு முடிவு காண்பது தகாது.